ஏ.சி.க்கு நட்சத்திரம் இருக்கிறது, வீட்டுக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுமனை இணைப்பில் வரும் அடுக்குமாடி விளம்பரங்களில் 'எரிசக்திச் சிக்கன வீடு', 'பசுமை இல்லம்', 'ஐந்து நட்சத்திரத் தரம்' ஆகிய மூன்றும் ஒரே பொருளுடையவை போல மாறி மாறி அச்சிடப்படுகின்றன. மூன்றும் வெவ்வேறு அளவீடுகள். அவற்றில் ஒன்றுகூட, வாங்கப்போகும் வீடு சித்திரை வெயிலில் எப்படி இருக்கும் என்பதைத் தனித்து நின்று சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடிய எண்கள் நம் நாட்டு விதிகளில் ஏற்கெனவே உள்ளன; அவற்றை வீடு விற்பவர்கள் வெளியிடுவதில்லை, வாங்குபவர்களும் கேட்பதில்லை. கட்டுமானத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இது குறித்துச் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த நட்சத்திரம். 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2002இல் உருவான எரிசக்தித் திறன் பணியகம், அதாவது பி.இ.இ., 2006இல் தொடங்கிய திட்டத்தின் மூலம்தான் குளிர்சாதனப் பெட்டியிலும் ஏ.சி.யிலும் நாம் பார்க்கும் ஒட்டுவில்லை வந்தது. ஏ.சி.யைப் பொறுத்தவரை அந்த வில்லையில் கவனிக்க வேண்டியது நட்சத்திரங்களைவிட அவற்றின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண். ஓர் ஆண்டில் அந்த இயந்திரம் வெளியேற்றும் வெப்பத்தை, அதற்கு அது செலவழிக்கும் மின்சாரத்தால் வகுத்துக் கிடைப்பது அது. வெளி வெப்பநிலை 24 முதல் 43 டிகிரி வரை, ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துக்கொண்டு இந்தக் கணக்கு போடப்படுகிறது. சென்னையில் ஒரு படுக்கையறை ஏ.சி. மார்ச் முதல் அக்டோபர் வரை இரவு எட்டு மணி நேரம் ஓடினாலே 1,900 மணி நேரத்தைத் தாண்டிவிடும் என்பதால், வில்லையில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட் எண்ணை இரண்டு இயந்திரங்களை ஒப்பிடப் பயன்படுத்தலாமே தவிர, நம் வீட்டுக்கு வரப்போகும் மின் கட்டணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நட்சத்திரங்களின் எண்ணிக்கையும் நிலையானதன்று. 2022 ஜூலைக்கு முன்பு ஐ.எஸ்.இ.இ.ஆர். 4.5 என்ற அளவைத் தொட்ட ஸ்பிளிட் ஏ.சி.க்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. அந்த மாதத்திலிருந்து ஐந்து நட்சத்திரத்துக்கு 5.0 வேண்டும் என்று ஆயிற்று. அதே இயந்திரம், ஒரு திருகு கூட மாறாமல், நான்கு நட்சத்திரமாகிவிட்டது. ஆகவே 'வீடு முழுவதும் ஐந்து நட்சத்திர ஏ.சி. பொருத்தித் தருகிறோம்' என்று சொல்பவரிடம், எந்த ஆண்டின் ஐந்து நட்சத்திரம் என்று கேட்பது நியாயமான கேள்விதான். வில்லையிலேயே அது செல்லுபடியாகும் காலம் அச்சிடப்பட்டிருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் நட்சத்திரம் அதன் கொள்ளளவை ஒட்டித் தரப்படுவது என்பதால், ஐந்து நட்சத்திரம் பெற்ற பெரிய பெட்டி, மூன்று நட்சத்திரம் பெற்ற சிறிய பெட்டியைவிட அதிக மின்சாரம் இழுக்கலாம். அங்கேயும் ஆண்டு யூனிட் எண்ணைப் பார்ப்பதே சரி.

இவை எல்லாம் இயந்திரத்தின் தரம். அந்த இயந்திரத்துக்கு எவ்வளவு வேலை வைக்கப்படுகிறது என்பதை வீடுதான் தீர்மானிக்கிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு நாற்காலி மேல் ஏறி உள்கூரையைத் தொட்டால் கையில் சூடு தெரியும். பகல் முழுதும் வெயிலை வாங்கிய காங்கிரீட் அப்போதுதான் அதை உள்ளே விடத் தொடங்கியிருக்கும்; மின்விசிறியை எவ்வளவு வேகமாகச் சுழலவிட்டாலும் அந்த அனல்தான் கீழே இறங்கும்.

இதை எண்ணால் சொல்வதற்கு 'யூ மதிப்பு' என்ற அளவு இருக்கிறது. கூரைக்கு வெளியேயும் உள்ளேயும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதே அது. ஆறு அங்குலத் தளத்தை வெறும் காங்கிரீட்டாக விட்டால் யூ மதிப்பு ஏறத்தாழ 3.3 வரும். நம் நாட்டுக் குடியிருப்புக் கட்டட நெறிமுறை அனுமதிக்கும் உச்சம் 1.2. வெயிலின் தாக்கத்தையும் சேர்த்து வெளிப்புறம் 60 டிகிரி, உள்ளே 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 120 சதுர அடிப் படுக்கையறையின் கூரை வழியாக முதல் வகையில் கிட்டத்தட்ட 1,200 வாட்டும், இரண்டாம் வகையில் 430 வாட்டும் உள்ளே வரும். காங்கிரீட் வெப்பத்தைத் தேக்கிவைத்துத் தாமதமாக விடுவதைக் கணக்கில் எடுக்காத தோராயம் இது. ஆயினும் வித்தியாசத்தின் அளவு புரியும். ஏறக்குறைய 750 வாட், அதாவது படுக்கையறைக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு அதே அறையை ஏ.சி. வைத்துக் குளிர்விப்பதற்குச் சமம். இந்த வித்தியாசத்தைப் போக்கத் தேவைப்படுவது தளத்தின் மேல் இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள வெப்பக் காப்புப் பலகையும், அதன் மேல் தட்டோடும்தான். மரச் சட்டங்களின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்து அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி, மேலே தட்டோடு பதித்த பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இந்த வேலையின் ஒரு பகுதியைச் சுண்ணாம்புத் தளமே செய்தது. இன்று அந்தத் தளத்துக்குப் பதிலாகச் சிமெண்டுக் கலவையைப் பெயருக்குப் போட்டு ஓடு ஒட்டிவிடுகிறார்கள். மழைநீர் இறங்காமல் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கப்படுகிறது.

சுவருக்கும் சன்னலுக்கும் சேர்த்து ஒரே எண்ணாக வருவது ஆர்.இ.டி.வி. என்ற அளவு. மத்திய மின்துறை 2018 டிசம்பரில் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட நெறிமுறையில் இது விளக்கப்பட்டிருக்கிறது. கூரை நீங்கலாக, சுவர் வழியே கடத்தப்படும் வெப்பம், சன்னல் கண்ணாடி வழியே கடத்தப்படும் வெப்பம், கண்ணாடியை ஊடுருவி நேராக வரும் வெயில் ஆகிய மூன்றையும் கூட்டி, வெளிப்புறப் பரப்பால் வகுத்தால் வருவது. சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. இந்த மூன்றில் சென்னைக்கு மிக முக்கியமானது கடைசியாகச் சொன்னதுதான். சாதாரணக் கண்ணாடி தன் மேல் விழும் வெயிலில் பத்தில் எட்டுப் பங்கை உள்ளே விட்டுவிடும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே இருப்பதால் சித்திரையிலும் ஆவணித் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் வருகிறது. எனவே தெற்குச் சன்னலுக்கு ஓர் அளவான சன்ஷேட் போதும். மேற்குச் சன்னலுக்கு அது போதாது. நான்கு மணி வெயில் சாய்வாக, சன்ஷேடுக்குக் கீழே புகுந்து, எதிர்ச் சுவர் வரை வந்து விழும். மேற்கே பார்த்த கூடத்துக்குத் தரையிலிருந்து உத்தரம் வரை கண்ணாடி வைத்து, அதை 'சொகுசு' என்று விளம்பரப்படுத்துவது இந்த நகரத்தில் மட்டும் நடக்கிற விந்தை இல்லைதான், ஆனால் இந்த நகரத்தில் அதற்கு விலை அதிகம். அண்மைக் காலமாக அலுமினிய அச்சு வைத்துச் சுவரையும் காங்கிரீட்டாகவே வார்க்கும் முறை பரவியிருக்கிறது. வேகமாக முடியும், ஆனால் செங்கல் சுவரைவிட அதிக வெப்பத்தைக் கடத்தும். அத்தகைய கட்டடத்தில் ஆர்.இ.டி.வி. எண்ணைக் கேட்பது இன்னும் அவசியம்.

அந்த நெறிமுறையில் மூன்றாவதாக ஓர் எண் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுவே, ஏனெனில் அதை எவரும் அளவு நாடாவை வைத்துச் சோதித்துவிடலாம். சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில், வெளிக்காற்றுக்குத் திறக்கும் சன்னல், வென்டிலேட்டர், பால்கனிக் கதவு ஆகியவற்றின் திறப்புப் பரப்பு, வீட்டின் கார்பெட் பரப்பில் குறைந்தது 16.66 விழுக்காடு, அதாவது ஆறில் ஒரு பங்கு, இருக்க வேண்டும். 600 சதுர அடி வீட்டுக்கு 100 சதுர அடி. கணக்கில் சேருவது சன்னலின் அளவன்று, திறக்கும் அளவு. இரண்டு கதவு கொண்ட ஸ்லைடிங் சன்னல் என்றால் எந்நேரமும் பாதி மூடியே இருக்கும். ஐந்தடிக்கு நான்கடி சன்னலில் இருபது சதுர அடியில் பத்துதான் காற்றுக்கு. வெளிப்புறம் திறக்கும் பழைய மரக் கதவு என்றால் ஏறத்தாழ முழுவதும் திறக்கும். இன்று கட்டப்படும் வீடுகளில் யு.பி.வி.சி. ஸ்லைடிங் சன்னல்தான் பெரும்பாலும் வைக்கப்படுகிறது. வெளிச்சத்துக்குக் குறைவில்லாத வீட்டில் மாலைக் கடற்காற்று நுழைய வழியில்லாமல் போவது இப்படித்தான்.

இந்த எண்களை விட்டுவிட்டு விளம்பரங்கள் காட்டுவது பெரும்பாலும் பசுமைச் சான்றிதழை. கிருஹா, ஐ.ஜி.பி.சி. போன்ற அமைப்புகள் தரும் தரச்சான்றுகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவை நீர்ச் சிக்கனம், கழிவு மேலாண்மை, மனைத் தேர்வு, கட்டுமானப் பொருள், எரிசக்தி என்று பல தலைப்புகளில் புள்ளிகளைக் கூட்டித் தருபவை. அந்தந்தத் தலைப்பில் கட்டாயமான சில அடிப்படை நிபந்தனைகள் இருந்தாலும், 'கோல்ட்' அல்லது 'பிளாட்டினம்' என்ற இறுதிச் சொல்லை வைத்து வீடு எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று ஊகிக்க முடியாது. மேலும், கட்டத் தொடங்கும்போது வரைபடத்தை வைத்துத் தரப்படும் முன்சான்றும், கட்டி முடித்த பின் தரப்படும் சான்றும் வேறுவேறு. விளம்பரத்தில் இருப்பது எது என்று பார்ப்பவர்கள் குறைவு.

வீட்டுக்கென்றே நட்சத்திரம் தரும் திட்டம் ஒன்றை பி.இ.இ. 2019இல் அறிவித்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்ற ஒற்றை அளவை வைத்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தரும் அத்திட்டம் விருப்பத் திட்டமாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் இதற்கு இணையான சான்றிதழ் 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏ முதல் ஜி வரை தரம், பத்தாண்டு செல்லுபடி, வீட்டை விற்பதானாலும் வாடகைக்கு விடுவதானாலும் அது வேண்டும். அங்கே குடியேறிய நம் உறவினர்கள் அதைப் பெருமையாகச் சொல்வதுண்டு. அதன் உள்ளடக்கத்தை அப்படியே இங்கு கொண்டுவருவதில் பயனில்லை, ஏனெனில் அங்குள்ள கணக்கு பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் சூடு வெளியே போகாமல் காப்பதைப் பற்றியது. எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் நடைமுறையை. இரண்டு நாட்டு அளவீடுகளிலும் பொதுவாக உள்ள ஒரு தன்மையை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்: அது ஒரே மாதிரியான குடும்பம் ஒரே மாதிரி வாழ்வதாக வைத்துக்கொண்டு போடப்படும் கணக்கு. ஐந்து நட்சத்திர வீட்டில் ஏ.சி.யை 18 டிகிரியில் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்பவரின் மின் கட்டணம், ஒரு நட்சத்திர வீட்டில் மின்விசிறியோடு படுப்பவரின் கட்டணத்தைவிட அதிகமாகத்தான் இருக்கும். கட்டணம் வேறு, வீட்டின் தரம் வேறு.

இருந்தாலும் தமிழ்நாட்டில் வீட்டின் தரம் கட்டணத்தில் வழக்கத்துக்கு மேல் வெளிப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், மேலே போன யூனிட்டுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை; 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடுகிறது. கூரை வழியே வரும் வெப்பத்துக்காக ஏ.சி. கூடுதலாக இழுக்கும் சில பத்து யூனிட்டுகள் ஒரு குடும்பத்தை அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிடப் போதுமானவை.

அண்மையில் உறவினர் ஒருவருக்காகப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு புதிய குடியிருப்பைப் பார்க்கச் சென்றேன். கையேட்டின் முதல் பக்கத்திலேயே 'எரிசக்திச் சிக்கன வீடுகள்' என்று இருந்தது. கூரையின் யூ மதிப்பு என்ன, ஆர்.இ.டி.வி. எவ்வளவு என்று விற்பனைப் பிரிவு இளைஞரிடம் கேட்டேன். அவர் மரியாதையாகவே, "சார், காமன் ஏரியா முழுக்க எல்.இ.டி. லைட், மாடியில் சோலார் இருக்கு, லிஃப்டும் பவர் சேவிங் மாடல்" என்றார். மூன்றும் நல்லவையே. மூன்றும் வீட்டுக்கு வெளியே இருப்பவை. மாதிரி வீட்டில் மேற்குப் படுக்கையறையின் கண்ணாடியில் கனமான திரை போட்டு, உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த எண்களை அவரிடம் இதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்க வைப்பது அரசின் கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, கார்பெட் பரப்புக்கு ஒரே விளக்கத்தைத் தந்து, அதை வெளியிடக் கட்டாயப்படுத்தியது. அதற்கு முன் 'சூப்பர் பில்ட்-அப்' என்ற பெயரில் மாடிப்படியையும் சேர்த்து விற்ற காலம் பலருக்கு நினைவிருக்கும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில், அதாவது சென்னைக் கணக்கில் இரண்டேகால் கிரவுண்டுக்கு மேல், அல்லது எட்டு வீட்டுக்கு மேல் கட்டுபவர் ரெராவில் பதிவு செய்ய வேண்டும். 2018இன் ஈகோ நிவாஸ் சம்ஹிதா பொருந்துவதும் 500 சதுர மீட்டர் மனையிலிருந்துதான். எல்லைக்கோடு ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் தன் பதிவுப் படிவத்தில் மூன்று கட்டங்களைக் கூட்டினால் போதும்: ஆர்.இ.டி.வி., கூரையின் யூ மதிப்பு, திறப்பு விழுக்காடு. 2022இல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 100 கிலோவாட் மின்பளு கொண்ட குடியிருப்புக் கட்டடங்களையும் நெறிமுறைக்குள் கொண்டுவர வழி செய்திருக்கிறது. வீட்டுக்கு ஐந்து கிலோவாட் என்றால் இருபது வீடுகள் கொண்ட குடியிருப்பே அதில் அடங்கிவிடும். மாநில அரசு விரும்பினால் அந்த எல்லையைக் குறைக்கவும் இடமுண்டு. ஆனால் அது இணங்க வைக்கும் வேலை, காலம் எடுக்கும். நான் கேட்பது அதற்கு முந்தைய படியை, வெளியிட வைப்பதை. எண் மோசமாக இருந்தாலும் இருக்கட்டும், தெரியட்டும்.

இதற்கு எதிராகக் கட்டுநர் தரப்பில் சொல்லப்படுவது செலவும் தாளும் கூடும் என்பது. சுவரின் கனம், கண்ணாடியின் வகை, சன்னலின் அளவு, எந்தத் திசை என்ற விவரம் எல்லாம் கட்டட வரைபடத்தில் ஏற்கெனவே இருப்பவை. திட்ட அனுமதிக்கு வரைபடம் தயாரிக்கும் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் ஒரு பிற்பகலுக்குள் முடியக்கூடிய கணக்கு இது. மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டபோதும் இதே முணுமுணுப்பு இருந்தது. கணக்கில் பொய் சொல்ல மாட்டார்களா என்ற சந்தேகம் மட்டும் நியாயமானது. அதற்கு ரெரா சட்டத்திலேயே விடை இருக்கிறது; எழுத்தில் தந்த விவரம் தவறு என்றால் வாங்கியவர் ஆணையத்தின் முன் செல்லலாம். எண் எதுவும் இல்லாத வெறும் 'எரிசக்திச் சிக்கனம்' என்ற சொல்லை வைத்து அங்கே எதையும் நிரூபிப்பது கடினம்.

வாடகைக்கு இருப்பவர்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. கூரையைச் சரிசெய்யும் செலவு வீட்டு உரிமையாளருக்கு, சரிசெய்யாததால் வரும் மின் கட்டணம் குடியிருப்பவருக்கு. பல இடங்களில் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே விலையாக வாங்குவதால், 100 யூனிட் இலவசத்தின் பயனும் அவருக்குப் போய்ச் சேருவதில்லை என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். சில விலக்குகள் நீங்கலாக, ஈ தரத்துக்குக் கீழே உள்ள வீட்டை வாடகைக்கு விடக் கூடாது என்று இங்கிலாந்தில் விதி இருக்கிறது. இங்கு அந்த அளவுக்குப் போவது உடனே நடக்கிற காரியம் இல்லை. மேல்தளத்தை வாடகைக்கு விடும் உரிமையாளர்கள் வெயில் காலத்துக்கு முன் மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் உள்ளே இறங்கும் சூடு கண்கூடாகக் குறையும். அந்தப் பூச்சு தூசியும் பாசியும் படிந்து கறுத்துவிட்டால் பயன் போய்விடும் என்பதால், மாடியைக் கழுவுவதும், தேவைப்படும்போது மறுபடி அடிப்பதும் அதில் அடக்கம்.

இறுதியாகத் தங்கள் நாளிதழிடமே ஒரு வேண்டுகோள். சட்டம் கேட்பதால், வீட்டு விளம்பரங்களின் அடியில் இப்போது ரெரா பதிவெண் அச்சாகிறது. 'எரிசக்திச் சிக்கனம்' என்ற சொல்லை விளம்பரத்தில் பயன்படுத்தும் நிறுவனங்களிடம் மட்டுமாவது, அந்தப் பதிவெண்ணுக்கு அருகில் ஆர்.இ.டி.வி. எண்ணையும் கூரையின் யூ மதிப்பையும் தரும்படி தங்கள் விளம்பரப் பிரிவு கேட்கலாம். ஆணையம் விதி வகுக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியம் இது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர்,
மடிப்பாக்கம், சென்னை